கதவில் தொங்காத பொத்தான்

நான் நாலடி ஒன்பது அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் தலையெழுத்தை எழுதியதே அந்த உயரம்தான். ஒரு பழைய நீராவி ரயில் எஞ்சினின் அடுப்புக்குள் நுழைகிற ஓட்டை இருக்கிறதே, அதுவும் என் தோள்பட்டையும் ஒரே அகலம். என் வீட்டுக்காரர் நாடா வைத்து அளந்து பார்த்துச் சொன்னார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் எனக்கு ஒரு செருப்பு வாங்கக்கூடக் கால் அளவு கேட்காத மனுஷன் அவர்.

"ஒரே ஒரு தடவை உள்ள போய் எட்டிப் பாத்துட்டு வந்துடு. அஞ்சே நிமிஷம்" என்றார்.

அது மூன்று வருஷத்துக்கு முன்பு. அதுவரை அடுப்புக்குள் போய்க்கொண்டிருந்த ஒல்லிப்பிச்சான் பையன் கல்யாணமாகி, மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் ஒரே வருஷத்தில் ஊதிவிட்டான். ஒருநாள் இடுப்பு வரைக்கும் போய் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், நாலு பேர் சேர்ந்து காலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆள் தேடியபோது அத்தனை பேர் கண்ணிலும் நான் பட்டுவிட்டேன். சாப்பாட்டு டப்பா கொண்டுபோய்க் கொடுக்கப் போனவள் நான். என் கெட்ட நேரம்.

அவர்கள் மொத்தம் பத்துப் பேர். ஆளுக்கு ஒரு தொழில். சனிக்கிழமையானால் எல்லோரும் ஊருக்கு வெளியே அந்தத் தகரக் கொட்டகையில் கூடிவிடுவார்கள். நாற்பது வருஷம் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சினை மறுபடியும் ஓட வைக்கப் போகிறார்களாம். யாருக்கும் சம்பளம் கிடையாது, யாரும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை. தானாகப் போய்த் தலையைக் கொடுத்தவர்கள். எஞ்சினுக்கு 'சம்பந்தியம்மா' என்று பெயர் வைத்தது பல் டாக்டர். எவ்வளவு செய்தாலும் குறை சொல்லும், ஒரு அடி நகராது, ஆனால் கோபித்துக்கொண்டு விட்டுவிடவும் முடியாது என்று அவர் விளக்கம் சொல்வார். நல்ல மனுஷன். வாரம் முழுக்க மற்றவர்கள் வாய்க்குள் குடைந்துவிட்டு, சனிக்கிழமை இரும்புக் குழாய்க்குள் குடைவார்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருஷம் பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தவர். மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கியவர். கொட்டகையிலும் அந்தக் கைக்குத்தான் மரியாதை. "அண்ணன் கை வச்சுட்டாரா? அப்ப சரி" என்பார்கள். அவருக்கு அது போதும். வேறு பட்டம் பதவி எதுவும் வேண்டாம்.

எனக்குக் கடைத்தெருவில் ஒரு தையல் கடை இருக்கிறது. சனிக்கிழமைதான் அங்கே கூட்டம் வரும். மூன்று வருஷமாகச் சனிக்கிழமை என் கடை பூட்டிக்கிடக்கிறது, நான் அடுப்புக்குள் கிடக்கிறேன். என் தங்கை அடுத்த ஊரில் இருக்கிறாள். "பத்து நாள் வந்து இருந்துட்டுப் போ அக்கா" என்று போன் போட்டுப் போட்டு அலுத்துவிட்டாள். "மாமா உன்ன அடுப்புக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரா?" என்று கேட்டாள் ஒருநாள். சிரித்துத் தொலைத்தேன்.

உள்ளே எனக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். எஞ்சின் அடுப்பு என்பது ஒரு இரும்பு அறை. நான் முட்டி போட்டால் தலை இடிக்காது, நின்றால் இடிக்கும். அதற்கு இரட்டைச் சுவர். உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும். இரண்டு சுவரும் பிரிந்துவிடாமல் இழுத்துப் பிடிக்க நானூற்றுப் பன்னிரண்டு போல்ட்டுகள், வரிசை வரிசையாக. மெத்தைக்குப் போடுகிற முடிச்சுத் தையல் மாதிரி. மேல்துணியையும் அடித்துணியையும் அங்கங்கே சேர்த்துக் கட்டினால்தானே பஞ்சு ஒரு பக்கமாகப் பிதுங்காமல் இருக்கும்? ஒரு முடிச்சு அறுந்தால் பரவாயில்லை. பக்கத்துப் பக்கத்தில் மூன்று அறுந்தால் அந்த இடம் பிதுங்கும். இங்கே பிதுங்கப்போவது பஞ்சு இல்லை, கொதிக்கிற தண்ணீரும் ஆவியும். அது உடைத்துக்கொண்டு வந்தால் அடுப்பு வாய் வழியாகத்தான் வெளியே சீறும். அந்த வாய்க்கு நேராக, கையில் கரண்டியோடு, கரி போடுகிறவர் நிற்பார்.

முதல் ஓட்டத்தில் கரி போடப் போவது யார்? என் வீட்டுக்காரர்தான்.

அதனால், முதல் இரண்டு வருஷம் துருவைச் சுரண்டியபிறகு, ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். கொட்டகையில் எந்நேரமும் காற்றடிக்கிற மெஷின் கத்திக்கொண்டிருக்கும், சத்தத்தை வைத்து எதுவும் தெரியாது. அதற்காக அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நான் உள்ளே சின்னச் சுத்தியலால் போல்ட்டின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவேன். வெளியே அதே போல்ட்டின் மறுமுனையில் என் வீட்டுக்காரர் உள்ளங்கையை வைத்திருப்பார். போல்ட் முழுசாக இருந்தால் அடி அவர் கையில் வந்து விழும். "ஆச்சு" என்று கத்துவார். நான் தையல் சாக்கட்டியால் பக்கத்தில் ஒரு டிக் போடுவேன். நடுவில் முறிந்திருந்தால் அடி போய்ச் சேராது, அவரும் வாய் திறக்க மாட்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அடுப்புக்குள் போகிறவர் தன்னுடைய அடையாளம் ஒன்றைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். என்னுடையது ஒரு பெரிய சிவப்புக் கோட்டுப் பொத்தான், நூலில் கோத்தது. பொத்தான் தொங்கினால் எவனும் கதவைத் தொடக் கூடாது, நெருப்பு பக்கத்திலேயே வரக் கூடாது. பொத்தான் இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. எட்டிப் பார்க்கவே மாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை அந்தப் பொத்தான் மேல்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கடைசி வரிசைக்கு வந்தோம். இடது பக்கம், தரையை ஒட்டி, பதினேழு போல்ட். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, காதை அடியிலிருக்கிற, கரி எரிகிற கம்பித் தட்டில் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். எட்டு முடித்தேன். ஒன்பதாவதுக்குச் சுத்தியலை ஓங்கும்போது கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. "ஐயோ அம்மா" என்று காலைப் பிடித்துக்கொண்டேன். அடிக்கவில்லை.

வெளியே இருந்து "ஆச்சு" என்றது குரல்.

நான் அப்படியே கிடந்தேன். சரி, எங்கேயோ கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பத்தாவதுக்கு நகர்ந்தேன். சுத்தியலை வேண்டுமென்றே கீழே வைத்துவிட்டேன். வழக்கமாக ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

"ஆச்சு."

பதினேழு வரைக்கும் அப்படியே கிடந்து கேட்டேன். ஒன்றைக்கூட அடிக்கவில்லை. ஒன்பது தடவை ஆச்சு என்றார் மனுஷன், கடிகாரம் மாதிரி. 

அப்போதுதான் வீட்டில் கண்ணில் பட்டும் மனதில் படாமல் போனதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. அடுப்பிலிருந்து கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்கி வைத்தார், ஒரு 'ஸ்' கூடச் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும் என்று திடீரென்று கொஞ்சினார். நானும் இந்த வயதில் என்ன ஆசை என்று வெட்கப்பட்டேன், மடச்சி. பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது அவருக்கு. கை மரத்துப்போயிருக்கிறது. சொல்லவில்லை.

நான் அன்றைக்கே வெளியே வந்து சத்தம் போட்டிருக்க வேண்டும். சும்மா சும்மா எல்லோரையும் வெளுத்து வாங்குகிறவள் நான். அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? பதினேழுக்கும் டிக் போட்டேன். வெளியே வந்து, பத்துப் பேரில் கணக்கு எழுதுகிறவரான வாத்தியார் நீட்டின பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். பத்துப் பேரும் கை தட்டினார்கள்.

ஏன் போட்டேன் என்றால் இரண்டு காரணம். அந்தக் கை போய்விட்டது என்று பத்துப் பேருக்கு நடுவில் என் வாயால் சொல்ல முடியவில்லை. அது ஒன்று. இன்னொன்றுதான் பெரியது. ஒரு போல்ட் முறிந்திருந்தாலும் அதை மாற்றிவிட்டு, மறுபடியும் நாலு மாதம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்ட வேண்டும் என்பது விதி. என்னால் முடியாது. எனக்கு அந்த இரும்பு அறையைவிட்டு வெளியே போக வேண்டும். எஞ்சின் ஓடிவிட்டால் எனக்கு விடுதலை என்று அவரே சொல்லியிருந்தார். முதல் ஓட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, தங்கை ஊருக்குப் பஸ் டிக்கெட் எடுத்தாயிற்று, பைகூடக் கட்டி வைத்தாயிற்று.

ஆனால் தூக்கம் வந்தால்தானே? கண்ணை மூடினால் கரண்டியோடு அவர் நிற்கிறார்.

ஆய்வாளர் வருகிற சனிக்கிழமை வந்தது. பாய்லர் ஆய்வாளர் அடுப்புக்குள் வர மாட்டார், அவர் தொப்பைக்கு அது ஆகாது. பதிவேட்டைப் பார்த்து, கையெழுத்துகளை நம்பித் தன் கையெழுத்தைப் போடுவார். போட்டதும் தண்ணீர் நிரப்புவார்கள். மறுநாள் காலையில் நெருப்பு. அதற்குப் பிறகு யாரும் சுத்தியல் எடுக்கப் போவதில்லை.

அன்றைக்குக் கொட்டகை சுத்தமாகக் கழுவி, காற்று மெஷினை நிறுத்தி, கப்சிப் என்று இருந்தது. காதால் கேட்டே கண்டுபிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எல்லோரும் வாசல் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சத்தமில்லாமல் எஞ்சினில் ஏறி, டார்ச்சும் சுத்தியலுமாக உள்ளே நுழைந்துவிட்டேன். பொத்தானை மாட்டவில்லை. மாட்டினால், எல்லாம் முடிந்தபிறகு இவள் எதற்கு உள்ளே போயிருக்கிறாள் என்று கேள்வி வருமே. பத்து நிமிஷம். பதினேழும் நன்றாக இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாமல் வெளியே வந்துவிடலாம். இதுதான் என் திட்டம். அறிவு கெட்ட திட்டம்.

கடைசி வரிசைக்குப் பக்கத்தில் படுக்கிற நேரம், மேலே காலடிச் சத்தம். என் வீட்டுக்காரரும் பல் டாக்டரும். பித்தளைக் குழாயைக் கடைசியாக ஒரு முறை துடைக்கிறார்கள். நான் டார்ச்சை அணைத்துவிட்டேன்.

"அண்ணே, ஆய்வாளர் ஏதாவது குடைவாரா?" என்றார் டாக்டர்.

"என்னத்தக் குடையப் போறாரு?"

"அதானே! உள்ள அக்கா கையெழுத்து, வெளிய உங்க கை. இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்? சரி, அடுப்புக் கதவப் பூட்டிடறேன். போன மாசம் பாக்க வந்தவங்க யாரோ பிஸ்கட் பாக்கெட்ட எல்லாம் உள்ள போட்டுட்டுப் போயிட்டாங்க."

கதவு நகர்ந்தது. நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.  'அக்கா கையெழுத்து' என்ற அந்த வார்த்தை என் வாயைப் பூட்டிவிட்டது. பூட்டு 'க்ளிக்' என்றது.

"பொத்தான் இல்ல, உள்ள ஆள் இல்ல" என்று பாட்டுப் பாடுகிற மாதிரி சொல்லிக்கொண்டே டாக்டர் இறங்கிப் போனார். வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு ஆய்வாளரை அழைத்துவரக் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. மற்றவர்கள் டீக்கடைக்கு நடந்துபோகிற பேச்சுச் சத்தமும் தேய்ந்து மறைந்தது.

இருட்டு என்றால் அப்படி ஒரு இருட்டு. கதவில் காற்றுக்காக வெட்டிய நாலு நீளக் கீறல் வழியாக மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அடியில் கம்பித் தட்டை மாட்டி முடுக்கியாயிற்று, அந்தப் பக்கமும் வழியில்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது அந்த இரும்பில் பட்டுத் திரும்பி என் காதுக்கே வருகிற மாதிரி இருந்தது. கத்தலாமா? கத்தினால் கதவு திறக்கும், கையும் களவுமாக மாட்டுவேன். கத்தாவிட்டால்? நாளைக்கு நெருப்பு வைக்கிறவரைக்குமா கிடப்பது? எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்த வேலையையாவது பார்ப்போம் என்று டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்தேன்.

ஒன்று முதல் எட்டு வரை கிண்கிண் என்றது. ஒன்பதாவதுக்கு நகர்ந்தேன். அடித்தேன்.

தொப்.

மண்சட்டி விரிசல் விட்டால் தட்டும்போது ஒரு செத்த சத்தம் வருமே, அது. மறுபடியும் அடித்தேன். தொப். பத்து, தொப். பதினொன்று, தொப். பன்னிரண்டிலிருந்து மறுபடியும் கிண். திரும்பி வந்து அந்த மூன்றையும் ஐந்தைந்து முறை அடித்தேன், சண்டை போடுகிற மாதிரி. மூன்றும் செத்துத்தான் கிடந்தன, பக்கத்துப் பக்கத்தில்.

"யாரு? உள்ள யாரு?"

என் வீட்டுக்காரர் காருடன் போகவில்லை. எஞ்சினில் ஏறி வருகிறார்.

"நான்தாங்க."

"ஐயோ! நீயா? உள்ளயா இருக்க?"

"இல்ல, கடைத்தெருவுக்குப் போயிருக்கேன். உள்ளதான்!"

"பொத்தான் எங்க?"

"பாக்கெட்ல."

"பாக்கெட்ல வச்சுக்கறதுக்கா பொத்தான்? நாங்க பூட்டுனோமே, வாய் எங்க போச்சு? ஊருக்கே கேக்குமே உன் வாய்!" கதவைப் பிடித்து ஆட்டினார். "சாவி டாக்டர்கிட்ட இல்ல இருக்கு... சரி. சரி. பதறாத. மூச்ச நிதானமா இழுத்து விடு. கதவத் தள்ளாத. கொஞ்ச நேரத்துல ஆள் வந்துடும். உனக்கு ஒண்ணும் ஆகாது."

"லிஃப்ட்ல மாட்டுனவங்ககிட்டப் பேசற மாதிரி எங்கிட்டப் பேசாதீங்க. எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"வரட்டும். கோபம் வந்தா மயக்கம் வராது. நான் டாக்டருக்குப் போன் போடறேன்."

"போடாதீங்க. அவங்க வர்றதுக்குள்ள பேசணும்."

கீறல் வழியாக அவர் சட்டையும், நான் காலையில் போட்டுவிட்ட பொத்தானும், கையும் தெரிந்தது. முகம் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான்.

"மூணு செத்துக் கிடக்கு" என்றேன். "கடைசி வரிசை. ஒன்பது, பத்து, பதினொண்ணு."

"அதெல்லாம் பாத்தாச்சே. நீதான டிக் போட்ட."

"நீங்க ஆச்சுன்னீங்க, நான் போட்டேன்."

"அப்புறம் என்ன?"

"நான் அடிக்கவே இல்லங்க."

"எத?"

"ஒன்பதுலேர்ந்து பதினேழு வரைக்கும். ஒண்ணக்கூட அடிக்கல. சுத்தியலக் கீழ வச்சுட்டுப் படுத்துக் கிடந்தேன். ஒன்பது தடவ ஆச்சுன்னீங்க."

 கீறலில் அந்தக் கை மேலே ஏறியது, திரும்பியது. உள்ளங்கையைப் பார்க்கிறார் என்று புரிந்தது. எனக்கு அதற்கு மேல் திட்டத் தெம்பில்லை.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம் இருக்கும். முதல்ல விரல் நுனி. அப்புறம் உள்ளங்கை. கைக்குச் செருப்புப் போட்ட மாதிரி இருக்கும்மா."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன கேடு?"

"உங்கிட்டச் சொன்னா நாலு தெருவுக்குக் கேக்கும்."

"டாக்டர் தம்பிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"அவரு பல் டாக்டர்டி." குரலை இறக்கிச் சொன்னார்: "இந்தக் கை இல்லன்னா நான் இங்க எதுக்கு? நாற்காலி போடறதுக்கா? முதல்ல எல்லாம் உன் அடியோட கணக்கு எனக்குப் பழகிப்போச்சு. ஒண்ணு ரெண்டு தெரியலன்னாலும் தப்பாது. அப்புறம்... கணக்க வச்சே ஓட்டிட்டேன்." ஒரு செருமல். "சரி, நீ ஏன் சொல்லல? அன்னைக்கே தெரிஞ்சதுல்ல?"

"திங்கக்கிழமை பஸ்ஸு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"எனக்கு இதவிட்டு வெளிய போகணுங்க! மூணு வருஷமா உள்ள கிடக்கேன். ஒரே ஒரு தடவைன்னு சொல்லித்தான உள்ள விட்டீங்க. முட்டி போச்சு, இடுப்பு போச்சு, கடைக்கு வர்ற ஆளெல்லாம் வேற கடைக்குப் போயாச்சு. வேண்டாம் வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!"

"நீ வேண்டாம்னு சொன்னதே இல்லையே."

"வாரா வாரம் சண்டை போட்டேனே!"

"சண்டை போட்ட. நீ எல்லாத்துக்கும்தான் சண்டை போடுவ. காபி ஆறிப்போனாலும் இதே சண்டைதான். அதுல எது நெஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

 படுபாவி, சரியாகத்தான் சொல்கிறார்.

 பிறகு அவர் கதவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, யாருமில்லாத கொட்டகையில் ரகசியம் பேசினார்.

"இங்க பாரு. கையெழுத்துப் போட்டாச்சு. முதல் நாள் அழுத்தம் கொஞ்சமாத்தான் ஏத்துவோம். மூணுதான. ஒரு வாரம் ஓடட்டும். அப்புறமா நான் நைசா மாத்தி விட்டுடறேன். நீ திங்கக்கிழமை கிளம்பிடு. உங்கிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசை வந்தது. பஸ் ஜன்னல் வந்தது, தங்கை வீட்டு வாசல் வந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம். டிக் போட்டது போட்டபடி இருக்கட்டும் என்று விட்டாலே போதும்.

"நாளைக்குக் கரண்டியப் பிடிச்சுக்கிட்டு எங்க நிப்பீங்க?" என்று கேட்டேன்.

"இங்கதான். கதவுக்கு நேரா."

"இப்ப நிக்கற இடத்துலயா?"

"ஆமா."

"உங்கள வேக வச்சுட்டு நான் பஸ் ஏறணுமா?"

 நான் பாக்கெட்டிலிருந்து சிவப்புப் பொத்தானை எடுத்தேன். கீறலில் சாய்த்து வைத்துத் தள்ளினால் வெளியே போகும் போலிருந்தது.

"இந்தாங்க, பிடிங்க. மாட்டறதும் மாட்டாததும் உங்க இஷ்டம்."

தள்ளினேன். அவர் விரல்கள் பொத்தானைப் பிடித்தன. பிடித்ததாக அவர் நினைத்தார். அது நழுவித் தரையில் விழுந்து உருண்டது. குனிந்து தேடினார். எடுத்தார். மறுபடியும் விழுந்தது. "எங்கடா போச்சு" என்று தனக்குள் முனகிக்கொண்டு தேடுகிற அந்தக் குரலை என்னால் கேட்க முடியவில்லை. முந்தானை இருந்திருந்தால் வாயில் திணித்துக்கொண்டிருப்பேன், போட்டிருந்ததோ அழுக்கு ஓவரால். சட்டைப் பொத்தான் போட்டுவிடச் சொல்லி ஒரு வருஷமாக என் முன்னால் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றாரே, அதற்கெல்லாம் சேர்த்து அழுதேன்.

கார் வருகிற சத்தம் கேட்டது.

வெளியே அசைவே இல்லை. அவர் பொத்தானைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாரா, கையில் வைத்திருக்கிறாரா, தெரியவில்லை. கார்க் கதவு சாத்துகிற சத்தம், டீக்கடைக்குப் போனவர்கள் திரும்பி வருகிற பேச்சுச் சத்தம். வாத்தியார் பெரிதாகச் சிரித்துக்கொண்டு ஆய்வாளரை "வாங்க வாங்க" என்கிறார். நான் இரும்பில் நெற்றியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

டக்.

கதவுப் பிடியில் பொத்தான் மோதுகிற சத்தம். மூன்று வருஷமாகக் கேட்டது, தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"அண்ணே, என்ன இது பொத்தான் தொங்குது?" டாக்டர் ஏறி வந்துவிட்டார். "நான் பூட்டறப்ப இல்லையே! அண்ணே... அக்கா உள்ளயா இருக்காங்க? நான் அக்காவ வச்சுப் பூட்டிட்டேனா?"

"உங்க தப்பு இல்ல. அவ மாட்டாமப் போனா. தெறங்க முதல்ல."

"அக்கா! அக்கா, நல்லா இருக்கீங்களா?"

"செத்துட்டேன். தெறப்பா!" என்றேன்.

பூட்டைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்துவிட்டார். ஆய்வாளருக்கு, வாத்தியாருக்கு, கீழே நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"சார், இன்னைக்கு நீங்க கையெழுத்துப் போடாதீங்க. மூணு போல்ட் முறிஞ்சிருக்கு. என் கைக்கு ஒரு வருஷமா உணர்ச்சி இல்ல. நான் சொன்ன எந்த ஆச்சையும் நம்பாதீங்க."

 வாத்தியார் கையிலிருந்த பதிவேடு மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தக் கடைசி வரிசை டிக் நான் பொய்யாப் போட்டது" என்று உள்ளே இருந்து நானும் கத்தினேன். அவர் ஒருத்தரே எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம். "அடிக்காமயே போட்டேன். நல்லா எழுதிக்கங்க வாத்தியாரே."

கதவு திறந்தது. கண் கூசியது. டாக்டர் பேயறைந்த முகத்தோடு கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஆய்வாளர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "நாலு மாசம் கழிச்சு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வெளிச்சம், காற்று, நீட்டின கை. மூன்று வருஷமாக அந்த ஓட்டையைப் பார்த்தாலே எனக்கு வெளியே பாய வேண்டும் போல் இருக்கும். அன்றைக்கு நான் நகரவில்லை. ஓவரால் கையை இழுத்து விட்டுக்கொண்டு முதலில் கடைசி வரிசை டிக்கை அழித்தேன். பிறகு அதற்கு மேல் வரிசை. பிறகு எல்லாம். ஒரு வருஷத்து ஆச்சு எதுவும் செல்லாது. சுவர் முழுக்க வெள்ளையாக ஒரு பூச்சு, என் முகம் முழுக்க அதே பூச்சு.

"அக்கா, வெளிய வாங்க. இன்னைக்குப் போதும்."

"டாக்டர் தம்பி, நீங்க போய் அந்தப் பக்கம் கை வைங்க. முதல் வரிசை, முதல் போல்ட். ஏங்க, நீங்க டார்ச்சப் பிடிங்க. பல்லுல கடிச்சுக் கடிச்சு எனக்குத் தாடை வலிக்குது."

என் வீட்டுக்காரர் குனிந்து, அடுப்பு வாய்க்குள் டார்ச்சை நீட்டினார். விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போவேன். வெள்ளிக்கிழமை திரும்பி வந்துடுவேன். இந்த எஞ்சின் ஓடுற வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு சனிக்கிழமைகூட வர மாட்டேன். வேண்டாம். இது சண்டை இல்ல, நெஜமாவே சொல்றேன்."

"தெரியுது" என்றார்.

வெளியே டாக்டர் "ரெடிக்கா" என்றார். அடித்தேன். "ஆச்சு!" என்றார். இரண்டாவதுக்கு நகர்ந்தேன். சுத்தியலை ஓங்கினேன், அடிக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, எப்போதும் ஆகிற நேரம் ஆகட்டும் என்று காத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு நான் என்ன செய்கிறேன் என்று புரிந்துவிட்டது. சுவரில் வெளிச்சம் ஆடியது.

வெளியே சத்தமே இல்லை.

"அக்கா?" என்றார் டாக்டர் கடைசியில். "கைக்கு ஒண்ணும் வரலையே. அடிச்சீங்களா?"

"இல்ல தம்பி" என்றேன். "இப்பதான் அடிக்கப் போறேன்."